மூன்று மணி ஜெபப் பட்டியல்

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி வாக்கில், தாக் யொன்சூ ஒரு பெட்டியும் ஒரு தோள்பையுமாக ஹாபோ துறைமுகத்தில் வந்து இறங்கினாள். கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி தெருவில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கம்பிகளில் காயப்போட்டிருந்த கணவாயின் நெடி எங்கே திரும்பினாலும் கூடவே வந்தது. மீன் அறுத்துக்கொண்டிருந்த மூன்று பேரிடம் வழி கேட்டாள். மூன்று பேருமே "விடிவெள்ளி வானொலியா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கத்தியாலேயே மேலே காட்டினார்கள். மீன் சந்தைக்குப் பின்னால், கூரையில் சிவப்பு விளக்குச் சிலுவையோடு ஒரு பழைய கட்டடம் நின்றது. சிலுவையின் ஒரு கை எரியவில்லை.

அது முன்பு ஐஸ் தொழிற்சாலை. இப்போது கீழே ஒரு நூடுல்ஸ் கடை, நடுமாடி பூட்டு, மூன்றாவது மாடியில் வானொலி நிலையம். ஐஸ் கட்டிகளை அடுக்கிவைத்த அறையைத்தான் ஒலிபரப்பு அறையாக்கியிருந்தார்கள். ஒன்றரை அடிச் சுவர், தடித்த கதவு. சத்தம் உள்ளே வராது என்பது சரிதான், ஆனால் குளிரும் வெளியே போகாது. முப்பது வருடத்துக்கு முன்பு உறைந்தது இன்னும் முழுசாக உருகவில்லை என்று தோன்றும்.

"வாங்க சிஸ்டர்!" என்று படியிறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார் டீக்கன் பாங். ஐம்பது வயது, வட்ட முகம், ஓயாத இருமல். நிலையத்தின் இயந்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. "சியோல்ல பெரிய வானொலில பதினோரு வருஷம் இருந்துட்டு இங்க வர்றீங்கன்னதும் மூப்பரய்யா என்னைக் கேட்டார், அந்தப் பொண்ணுக்கு மூளை கீளை சரியாத்தான் இருக்கான்னு."

"அம்மா இங்க ஆஸ்பத்திரில இருக்காங்க டீக்கனய்யா. ஜனவரில பக்கவாதம் வந்து விழுந்துட்டாங்க. பேச்சு இல்ல, கண்ணு திறக்கல."

டீக்கன் பாங் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.

அவளுக்குக் கொடுத்த வேலை மூன்று மணி ஜெபம். ஊரில் அதைக் கேட்காத சபைக்காரர்கள் கிடையாது. தினமும் பிற்பகல் மூன்றுக்கு ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு பட்டியல். படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும், "கர்த்தாவே, இவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்" என்று சொல்லிவிட்டு ஏழு விநாடி சும்மா இருக்க வேண்டும். அந்த ஏழு விநாடியில் கேட்பவர்கள் எல்லாரும் அவரவர் இடத்திலிருந்து மூன்று முறை கர்த்தரைக் கூப்பிடுவார்கள். நிலையத்தைத் தொடங்கிய பாஸ்டர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அவர் வைத்துவிட்டுப் போன விதி மட்டும் அப்படியே இருந்தது: வீட்டார் கூப்பிட்டுச் சொல்லாமல் பட்டியலிலிருந்து எந்தப் பெயரையும் எடுக்கக் கூடாது.

பட்டியலில் அன்று பதினைந்து பெயர்கள். பேனாவை எடுத்து யொன்சூ பதினாறாவதாக எழுதினாள்: பே சுன்தொக். யார் என்று எழுதவில்லை. அம்மா பெயரின் மை காயும்வரை ஊதினாள்.

முதல் நாள் அவள் பெயர்களைப் படித்து நிறுத்தியபோது, தடித்த கதவையும் மீறி, சந்தையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நாற்பது ஐம்பது பெண்கள், மீன் அறுப்பதை நிறுத்திவிட்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்கள்.

"கர்த்தாவே! கர்த்தாவே! கர்த்தாவே!"

பதினோரு வருட வேலையில் தன் குரலுக்கு இப்படி ஒரு பதில் வந்து அவள் கேட்டதில்லை. பதினாறாவது பெயருக்கும் அதே உரத்தில் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பியோ அம்மா வாசலிலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏம்மா, உங்கம்மா இன்னிக்குக் கண்ணைத் தொறந்தாங்க! கரெக்டா மூணே கால். மேல பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் மூடிக்கிட்டாங்க."

யொன்சூ அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் எதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். தயார் செய்வதாவது! அந்த வாரம் முழுக்க, மூன்றேகால் ஆனால் அம்மா கண்ணைத் திறந்தாள். அடுத்த வாரம் வலது கைவிரல்கள் அசைந்தன.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் கருத்து அட்டைகள் வந்து சேர்ந்தன.

நிலையம் நேயர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை கொடுத்திருந்தது. "நிகழ்ச்சியைப் பற்றி உங்கள் கருத்து" என்று மேலே அச்சிட்டிருக்கும். யாரும் எழுதுவதில்லை, ஒரே ஒருவரைத் தவிர. திங்கட்கிழமைதோறும் படிக்கட்டுக்குக் கீழே உள்ள பெட்டியில் ஒரு அட்டை கிடக்கும். தபால் முத்திரை இருக்காது. வயதான பிறகு, பைபிள் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டவர்களின் பெரிய பெரிய பென்சில் எழுத்து. கீழே பெயர்: குக் ஒக்புன். பட்டியலில் நான்காவது பெயர் அவருடையதுதான்.

"ஒக்புன் குவொன்சாவா?" டீக்கன் பாங் சிரித்தார். சபையில் மூத்த பெண்களுக்குத் தரும் அந்தப் பட்டத்தை அவர் சற்றுப் பயத்தோடுதான் சொன்னார். "பத்து வருஷமா எழுதறாங்க. ஊசி மாதிரி நாக்கு. என் இருமலைப் பத்தி மட்டும் நாப்பது அட்டை வந்திருக்கு."

அன்றைய அட்டையிலும் அது இருந்தது. "பாங் தம்பி பாட்டு போடும்போது இருமுகிறார். முள்ளங்கியும் தேனும் சாப்பிடச் சொல்லவும். புது அறிவிப்பாளர் குரல் நன்று. ஆனால் பெயரைச் சத்தமாகப் படிக்கிறாள். மெதுவாகப் படித்தால் போதும்."

யொன்சூவும் சிரித்தாள். நேயர் சொன்னபடி குரலைத் தாழ்த்தியும் படித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை: "மெதுவாகப் படித்தாலும் கேட்கிறது. ஏழு விநாடியை மூன்றாகக் குறைத்தால் உதவியாக இருக்கும். ஏழு விநாடி நிற்க என் முழங்காலால் ஆகவில்லை."

அதற்கடுத்த திங்கட்கிழமை எழுத்து கோணலாக இருந்தது, பென்சில் முனை அட்டையைக் கிழித்திருந்தது. "என் கருத்து ஒன்றுதான். என்னைக் கேட்காமல் என்னை எழுப்பாதீர்கள்."

யொன்சூ இரண்டு முறை படித்தாள்.

"டீக்கனய்யா, இவங்க படுத்த படுக்கைதானே?"

"ஆமா. நாலு வருஷமா."

"அப்ப இந்த அட்டையைக் கொண்டுவந்து போடறது யாரு?"

டீக்கன் பாங் அட்டையை எட்டிப் பார்த்தார். இந்த நாலு வருடமாக அவர் இதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மருமக போட்டுட்டுப் போவாளா இருக்கும்," என்றார். பிறகு அட்டையைத் தொடாமல், தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஜெபம் மட்டும் முன்பே பதிவு செய்தது. அதனால் அன்று ஆராதனை முடிந்து, சபையில் சாப்பாடும் முடிந்ததும், யொன்சூ ஒரு பெட்டிப் பேரிக்காய் வாங்கிக்கொண்டு ஒக்புன் குவொன்சாவின் வீட்டைத் தேடிப் போனாள். முன்னால் கருவாட்டுக் கடை, பின்னால் வீடு. கடையில் அறுபது வயது ஆள் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அவர் திரும்பவில்லை. அவர் மனைவி, குவொன்சாவின் மருமகள் மியொங்ஜா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் விடிவெள்ளி வானொலி. குவொன்சா அம்மாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அட்டை எழுதியிருந்தாங்க."

மியொங்ஜாவின் முகம் வெளுத்தது. கணவனின் முதுகை ஒரு முறை பார்த்துவிட்டு, யொன்சூவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "அத்தை தவறி மூணு வருஷம் ஆச்சு."

யொன்சூ பேரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷமா?"

"ஊர்ல யாருக்கும் சொல்லாம அடக்கம் பண்ணிட்டோம். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும். இவர் விடல. ரேடியோல பேரு வர்ற வரைக்கும் அம்மா இருக்காங்கன்னு உக்காந்திருக்காரு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "மொதல்ல நானும் பாவம், ஆறுதலா இருக்கட்டும்னுதான் விட்டேன். ஊரெல்லாம் அத்தைக்காகக் கூப்பிடறாங்களே, நல்லதுதானேன்னு. இந்த ரூமைப் பாருங்க."

அது நான்கு பாய் அளவுள்ள அறை. ஒரு அலமாரி, சுவரில் சிலுவை, மூலையில் மடித்து வைத்த மெத்தை. தாழ்ந்த மேசையின் மேல் ஒரு பென்சிலும் எழுதாத அஞ்சலட்டைகளும் இருந்தன. மூடிய அறையில் கற்பூரத் தைலமும் பழைய துணியும் கலந்த வாசம். அடியிலிருந்து சூடேற்றும் தரை அது. ஆனால் அந்த அறைக்கு மட்டும் சூட்டை நிறுத்தி மூன்று வருடமாகிவிட்டதாம். யொன்சூ காலுறையோடு உள்ளே வைத்த காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். தரை அவ்வளவு சில்லென்று இருந்தது.

"மணி மூணாகப் போகுது," என்றாள் மியொங்ஜா. "நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

கடையில் ரேடியோவின் ஒலி கூடியது. பாட்டு முடிந்தது. பிறகு யொன்சூவுக்குத் தன் குரலே கேட்டது. வெள்ளிக்கிழமை பதிவு செய்தது. ஒன்றாவது பெயர். இரண்டாவது. மூன்றாவது. தெருவிலிருந்தும், பக்கத்து வீட்டிலிருந்தும், எதிரே இருந்த முடிதிருத்தும் கடையிலிருந்தும் கூப்பிடும் சத்தம்.

"குக் ஒக்புன்," என்றது அவள் குரல். "கர்த்தாவே, இவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்."

ஏழு விநாடி.

கடையிலிருந்த மகன் எல்லாரையும்விட உரக்கக் கூப்பிட்டார்.

யொன்சூவின் காலடியில் தரை சூடானது.

அறை முழுக்க அல்ல. சுவரோரமாக, ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும்.

யாரோ உள்ளங்கையைத் தரையில் அடித்து ஊன்றினார்கள். எலும்பு மூட்டு சொடுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கிழவி தன் முழு உடம்பையும் தூக்கி எழுந்து நிற்கும் சத்தம் யொன்சூவின் முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது. அங்கே யாரும் இல்லை. கற்பூரத் தைல வாசம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஐந்தாவது பெயரை வானொலி படித்ததும் அந்த மூச்சு கீழே இறங்கியது. முழங்கால் மடங்கும் சத்தம். தரையில் மெல்லச் சாயும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தரை பழையபடி சில்லிட்டுவிட்டது.

"தினமும்," என்றாள் மியொங்ஜா. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "உசுரோட இருந்தப்ப என்னைப் படுத்தாத பாடு இல்ல. ஆனா இதைப் பாக்க முடியல. எந்த எதிரிக்கும் இது வேண்டாம். பேரை எடுத்துடுங்க."

யொன்சூவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. கடைக்குப் போய், அந்த முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணே, நாளையிலேருந்து அந்தப் பேரைப் படிக்க மாட்டேன். உங்கம்மாவைத் தூங்க விடுங்க. இது அன்பா? பெத்தவங்களை இப்படி நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறது அன்பா?"

மகன் அப்போதுதான் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார். "நீங்க பேரை எடுத்த அன்னிக்குத்தான் எங்கம்மா சாவாங்க."

திங்கட்கிழமை யொன்சூ சொன்னபடியே செய்தாள். மூன்று மணிக்கு, "குக் ஒக்புன் குவொன்சா அவர்கள் மூன்று வருடம் முன்பே தேவனுடைய இளைப்பாறுதலில் சேர்ந்துவிட்டார்கள், அறியாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், மன்னிக்கவும்" என்று சொல்லி, ஒரு அடக்கப் பாட்டும் போட்டு, நான்காவது பெயரைக் கோடிட்டு அடித்தாள். சந்தையில் அன்று சத்தமே இல்லை. டீக்கன் பாங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பாட்டு முடியும்வரை இருமவேயில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியில் ஒரு அட்டை கிடந்தது. இத்தனை நாள் திங்கட்கிழமை தவிர வேறு நாளில் வந்ததே இல்லை.

"நேற்றைய நிகழ்ச்சி மிக நன்று. தூங்கினேன். கடைசியாகச் சேர்த்திருக்கும் பெயர் யாருடையது என்று தெரியவில்லை. அவளும் இங்கே வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போகிறாள். செருப்பைக் கழற்றி வைப்பாள், நீங்கள் கூப்பிட்டதும் மறுபடி போட்டுக்கொள்வாள். அவளைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கவும்."

டீக்கன் பாங் அதைப் படித்துவிட்டு யொன்சூவைப் பார்த்தார். கடைசிப் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அட்டையை அவளிடம் நீட்டினார். யொன்சூ அட்டையை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அம்மா நேற்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மா தேறிவருகிறாள். தேறிவருகிற ஒருத்திக்கும் செத்துப்போன ஒருத்திக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று பெயரைப் படிக்கும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகவே படித்தாள்.

ஆனால் அன்று சாயங்காலம் பியோ அம்மா ஓடிவரவில்லை. கட்டிலருகே தலைகுனிந்து நின்றாள்.

"கண்ணைத் தொறக்கறாங்கம்மா, தொறக்காம இல்ல. ஆனா தொறக்கும்போதெல்லாம் அழுவறாங்க. எனக்கு இருபது வருஷம் இந்த வேலை. வலிச்சா அழுவறது வேற. இது வேற மாதிரி." கொஞ்சம் தயங்கினாள். "தூக்கத்துல எழுப்பிவிட்ட கொழந்த அழுமே, அப்படி."

யொன்சூ கேட்டும் கேட்காததுபோல் போர்வையைச் சரிசெய்தாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு அம்மா இறந்துபோனாள்.

அந்த நேரத்தில் யொன்சூ பக்கத்தில் இருந்தாள். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தது. அம்மா அவ்வளவு நிம்மதியாக இருந்து அவள் பல வருடமாகப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே சாவுக்கூடம். பன்னிரண்டு மணிக்குள் படம் வைத்தாயிற்று, வெள்ளைச் செவ்வந்தி வைத்தாயிற்று, சபைப் பெண்கள் வந்து அடுக்களையில் காரமான மாட்டிறைச்சிச் சாறு காய்ச்ச ஆரம்பித்தாயிற்று. கறுப்பு உடுத்திக்கொண்டு யொன்சூ படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே மகள். கூட உட்கார அண்ணன் தம்பி யாரும் இல்லை.

இரண்டரைக்கு டீக்கன் பாங் போன் செய்தார். அன்று அவர்தான் பட்டியலைப் படிக்க வேண்டும்.

"சிஸ்டர், கர்த்தர் உங்களை ஆறுதல்படுத்தட்டும். சாயங்காலம் வந்துடறேன்." இருமினார். "பட்டியல்ல... அம்மா பேரை எடுத்துடட்டுமா?"

யொன்சூ படத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். சில்லிட்ட அறையில் நின்று தன் காதால் கேட்டவள் அவள். கருவாட்டுக் கடைக்காரரைப் பார்த்து இது அன்பா என்று கேட்ட வாயும் அவளுடையதுதான்.

"வீட்டார் சொன்னாத்தானே எடுக்கணும்?" என்றாள்.

"நீங்கதான் சிஸ்டர் வீட்டார்."

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

போனில் மறுபடி இருமல் கேட்டது. "சரி," என்றார் டீக்கன் பாங்.

அன்று மூன்று மணிக்குக் கூடத்தில் கூட்டம் அதிகம், அழுகைச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அம்மாவைச் சவப்பெட்டியில் வைக்கும் சடங்குக்கு இரண்டே முக்கால் மணிக்கு அழைத்தார்கள். காலையில் டீக்கன் பாங் மறுபடி கூப்பிட்டிருந்தார். அவள் போனை எடுக்கவில்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்த உடம்பைத் துடைத்து, சணல் துணி உடுத்தி, மேசையில் கிடத்தியிருந்தார்கள். அதைச் செய்தவள் நடுவயதுப் பெண், நிதானமான கைகள். சபைப் பாஸ்டர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். "துணியால கட்டறதுக்கு முன்னால கையைப் பிடிச்சுக்கறதுன்னா பிடிச்சுக்கங்கம்மா," என்றாள் அந்தப் பெண்.

யொன்சூ அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கடல் மீனின் குளிர்ச்சி. விரல்கள் நீட்டியபடி விறைத்திருந்தன.

நடையின் அந்தப் பக்கம் அடுக்களை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் யாரோ ரேடியோவைப் போட்டார்கள். டீக்கன் பாங்கின் இருமல். பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பாத்திரச் சத்தம் நின்று, பெண்கள் கூப்பிட்டுவிட்டு, மறுபடி பாத்திரச் சத்தம். அந்தப் பெண்களில் பலருக்குப் பெயர்கள் மனப்பாடம். யாருடைய சாவுக்கூடத்தில் நின்று கழுவுகிறோம் என்று யோசிக்கக்கூட அந்தப் பழகின வாய்க்கு நேரமிருக்காது.

பையில் போன் இருந்தது. எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தி, "எடுத்துடுங்க டீக்கனய்யா" என்று சொன்னால் போதும். இன்னும் ஆறு பெயர். இன்னும் நான்கு.

அவள் கையை விடவில்லை.

"பே சுன்தொக்," என்றார் டீக்கன் பாங். அவர் குரல் உடைந்தது. "கர்த்தாவே, இவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்."

கர்த்தாவே!

கர்த்தாவே!

மூன்றாவது முறை, யாருக்கும் கேட்காமல், யொன்சூவின் உதடுகளும் கூப்பிட்டன.

அவள் கைகளுக்குள் இருந்த கை சூடானது. விறைத்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சுண்டுவிரல், மோதிரவிரல். பிறகு எல்லா விரலும் சேர்ந்து அவள் கட்டைவிரலைப் பற்றின. சிறுவயதில் சாலையைக் கடக்கும்போது பற்றிக்கொண்ட அதே பிடி. யொன்சூவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, அந்த ஏழு விநாடியும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அவிழ்ந்திருந்த சுருக்கமெல்லாம் நெற்றியில் திரும்ப வந்திருந்தது. மூடிய இமைக்குள்ளிருந்து நீர் கசிந்து காதுவரை ஓடியது.

பாஸ்டர் கண்மூடி நின்றார், பார்க்கவில்லை. துணி கட்டும் பெண் பார்த்தாள். அவள் அலறவில்லை. துணியின் முனையை விரலில் பிடித்தபடி, யொன்சூவின் காதருகே குனிந்தாள்.

"இதுக்கு முன்னால ஒரு தடவ பாத்திருக்கேன்," என்று கிசுகிசுத்தாள். "யாரோ கூப்பிடறாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா விடச் சொல்லுங்கம்மா. பாவம்."

"எனக்குத் தெரியாது," என்றாள் யொன்சூ.

சனிக்கிழமை அம்மாவைச் சபைக் கல்லறையில், கடலைப் பார்த்த சரிவில் அடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமை யொன்சூ வேலைக்கு வந்துவிட்டாள். டீக்கன் பாங் பட்டியலையும் ஒரு பேனாவையும் அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றார். "நாளைக்கு," என்றாள் அவள். செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் பேனா வைப்பதை நிறுத்திக்கொண்டார். மூன்று மணிக்கு இயந்திரத்தைப் போட்டுவிட்டு நடையில் போய் நிற்பார், கடைசிப் பெயர் முடிந்த பிறகே உள்ளே வருவார்.

கோடை வந்தது. மழைக்காலமும் போய்விட்டது. பட்டியலில் ஐந்து பேர் குணமானார்கள், மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டார் போன் செய்தார்கள், அவள் பெயர்களை அடித்தாள், புதுப் பெயர்களை எழுதினாள். கடைசிப் பெயர் கடைசியிலேயே இருந்தது. சாயங்காலங்களில் அவள் கல்லறைச் சரிவுக்குப் போவதில்லை. போனால் மண்ணில் கைவைத்துப் பார்க்கத் தோன்றும், சூடாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, நிகழ்ச்சி முடிந்த சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. பெண் குரல், வயது முப்பதுக்குள் இருக்கும். இரைச்சலில் குழந்தை ஒன்று சிணுங்கியது.

"வணக்கம்ங்க. நாங்க போன வாரம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தோம். எனக்கு இங்க யாரையும் தெரியாது. உங்க மூணு மணி நிகழ்ச்சி கேக்கறேன். ரொம்ப ஆறுதலா இருக்கு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ரொம்ப நன்றிங்க."

"ஒரே ஒரு கருத்து, தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லுங்க," என்றாள் யொன்சூ. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க கடைசிப் பேரைப் படிச்சதும், உங்க பக்கத்துல ஒரு வயசான அம்மா எந்திரிக்க முடியாம எந்திரிக்கறாங்க இல்ல? தினமும் கேக்குது. அழுவறாங்க கூட. மைக்ல நல்லாவே விழுது." அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்தாள். "அவங்களை எதுக்குங்க இப்படி எழுப்பி நிக்க வெக்கறீங்க? உக்காந்தே ஜெபம் பண்ணட்டுமே. இல்லேன்னா நீங்களாவது ஒரு கை குடுக்கக் கூடாதா?"

யொன்சூ திறந்திருந்த தடித்த கதவின் வழியே ஒலிபரப்பு அறையைப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரே ஒரு நாற்காலி.

"கவனிக்கிறோம்ங்க," என்றாள். "உங்க கருத்துக்கு நன்றி."

கருத்தைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். மறுநாள் மூன்று மணிக்கு, கடைசிப் பெயருக்கு மட்டும் ஏழு விநாடியை ஒன்பதாக்கினாள்.